திருகையில் பிறந்த அபங்கம்: பணிப்பெண் ஜனாபாயின் கவிதைக் கலை

வந்தவாசியை அடுத்த தென்னாங்கூரில், ஒடிசாக் கோயில்களின் பாணியில் எழுந்த விமானத்தின் கீழ்ப் பாண்டுரங்கனும் ரகுமாயியும் நின்ற கோலத்தில் காட்சி தரும் கோயில், தொண்டை நாட்டு நெல்வயல்களுக்கு நடுவே மராட்டியப் பக்தி வேர்விட்டதற்கு ஒரு சான்றாக விளங்குகிறது. பீமா ஆற்றங்கரையிலுள்ள பண்டரிபுரத்தின் இறைவனான விட்டலனை, அதாவது அதே பாண்டுரங்கனைப் பாடும் மராத்திப் பாடல்களுக்கு அபங்கம் என்று பெயர். அவற்றைப் பாடியவர்களுள் ஞானேசுவரர், நாமதேவர், துக்காராம் ஆகியோரின் பெயர்கள் தமிழ்நாட்டு பஜனை அன்பர்களுக்கு நன்கு பழக்கமானவை. அவர்களோடு ஒருசேர வைத்து எண்ணத்தக்க கவிஞர் ஒருவர், தம் பாடல்களின் இறுதியில் தம்மை நாமதேவரின் பணிப்பெண் என்றே முத்திரையிட்டுக்கொள்கிறார். அவர்தாம் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜனாபாய். பாடல்களில் அவர் வழங்கும் பெயர் ஜனி. பிறர் வீட்டில் மாவரைத்து, நெல் குத்தி, தண்ணீர் சுமந்து வாழ்ந்த ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயரில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் நிலைபெற்றிருப்பது இந்திய இலக்கியத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

பக்திக் கவிஞர் தம்மை இறைவனின் அடிமை என்று கூறிக்கொள்வது இந்திய மொழிகள் அனைத்திலும் வழங்கும் மரபு. சேர நாட்டு அரசரான குலசேகராழ்வாரும் பாண்டியனின் அமைச்சராயிருந்த மாணிக்கவாசகரும் அவ்வாறே உருகினர். அவர்கள் துறந்து வந்த பதவியின் உயரமே அந்த அடிமைத்தனத்துக்கு அழகு சேர்த்தது. ஜனாபாய்க்குத் துறப்பதற்கு உயரம் எதுவும் இருக்கவில்லை. அவருடைய அடிமைத்தனம் விடிவதற்கு முன் தொடங்கி, வீட்டார் உறங்கிய பின் முடியும் அன்றாட வேலை. பிறர் உவமையாகக் கையாண்ட ஒரு நிலையைத் தாம் உடலால் வாழ்ந்து, அவ்வாழ்வின் பொருள்களையும் அசைவுகளையும் கவிதையின் உள்ளுறுப்புகளாக ஆக்கிக்கொண்டமையே அவருடைய கலையின் தனித்தன்மை. அவரைப் படிப்பவர் மனத்தில் முதலில் நிறுத்த வேண்டியது பணிப்பெண் என்ற இரக்கத்துக்குரிய உருவத்தை அன்று. தம் தொழிலை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவர் அதைக் கொண்டே கவிதையின் வடிவத்தைக் கட்டிய திறத்தைத்தான்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே. இன்றைய மகாராட்டிரத்தின் பர்பணி மாவட்டத்தில், கோதாவரிக் கரையிலுள்ள கங்காகேட் என்னும் ஊரில், சமூக அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார் என்றும், சிறு வயதிலேயே பண்டரிபுரத்துக்கு வந்து, தையல் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த தாமாசேட்டி என்பவரின் வீட்டில் வேலைக்கு அமர்ந்தார் என்றும் மரபு கூறுகிறது. தாமாசேட்டியின் மகனே பின்னாளில் பெரும் கவிஞராகப் புகழ்பெற்ற நாமதேவர் (1270–1350). பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு வந்த அந்தச் சிறுமிக்குப் பண்டரிபுரம் வேற்றூர். தமக்கு யாருமில்லை என்ற ஆதரவின்மை அவருடைய பாடல்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆனால் வந்து சேர்ந்த வீடோ பாடலும் அடியார் கூட்டமும் நிறைந்த வீடு. ஞானேசுவரர், அவருடைய தங்கை முக்தாபாய், குயவரான கோரா, தோட்டக்காரரான சாவதா, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார் குலத்தைச் சேர்ந்த சோகாமேளா என்று வாரகரி மரபின் முதல் தலைமுறை முழுவதையும் அந்தச் சூழலில் காணலாம். வாரகரிகள் என்போர், ஆடி, கார்த்திகை மாத ஏகாதசிகளையொட்டிப் பண்டரிபுரத்துக்குக் கால்நடையாகச் சென்று விட்டலனைத் தரிசிப்பதை வாழ்நாள் நோன்பாகக் கொண்ட அடியார்கள்.

இந்தத் தலைமுறையின் சிறப்பு, ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைக் கவிதைக்குள் அழைத்து வந்ததாகும். குயவரின் பாடலுக்குள் மண்ணும் தோட்டக்காரரின் பாடலுக்குள் கீரைப் பாத்தியும் இடம்பெற்றன. ஆயினும் குயவரும் தோட்டக்காரரும் தமக்கெனத் தொழிலுடையவர்கள். செய்த பானையையும் விளைந்த கீரையையும் தம்முடையவை என்று காட்ட அவர்களால் இயலும். வீட்டு வேலையோ செய்த மாத்திரத்தில் மறைந்துபோவது. பெருக்கிய முற்றத்தில் மறுநாள் மீண்டும் குப்பை சேரும்; அரைத்த மாவு அன்றே அடுப்பேறும். சுவடு விடாத இந்த உழைப்பைச் சுவடு விடும் சொல்லாக மாற்றியதில் ஜனாபாய் தம் தோழர் அனைவரையும் விஞ்சுகிறார்.

அவருடைய யாப்பு, அந்த உழைப்பின் மடியிலேயே வளர்ந்தது. அபங்கத்தில் இரண்டு வகை உண்டு. பெரிய அபங்கத்தின் ஒரு சரணம் நான்கு சிறு அடிகளால் ஆனது. முதல் மூன்று அடிகளும் ஆறாறு எழுத்துகள் கொண்டு நடக்க, நான்காம் அடி நான்கு எழுத்துகளோடு நின்றுவிடும். இரண்டாம், மூன்றாம் அடிகள் இயைபுத் தொடையால் இணையும். சிறிய அபங்கமோ எட்டெட்டு எழுத்துகள் கொண்ட இரண்டு அடிகளை ஈற்றியைபால் கட்டுவது. முன்னதன் குறுகிய ஈற்றடி, வெண்பாவின் முச்சீர் ஈற்றடியைப்போல், ஓடிவந்த ஓசையைப் பிடித்து நிறுத்திப் பொருளை அழுத்தித் தருகிறது. இந்த அபங்கத்துக்கு மூத்த உறவு ஓவி என்னும் பாவகை. மூன்று அடிகள் இயைபு பெற்று நடக்க, நான்காம் அடி குறைந்து முடியும் இந்த ஓவியையே ஞானேசுவரர் தம் கீதை விரிவுரைக்குக் கையாண்டார். மராட்டியக் கிராமத்துப் பெண்கள் விடியற்காலையில் திருகை சுற்றும்போது பாடியதும் ஓவிதான்.

திருகையின் இயக்கத்தைச் சற்று அருகிலிருந்து நோக்கினால், இந்த யாப்பு அதனோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது விளங்கும். வந்தவாசிப் பக்கத்து வீடுகளில் கேழ்வரகு அரைக்கப் பயன்பட்ட ஏந்திரக் கல்லும் அதே அமைப்புடையது. நிலையாகக் கிடக்கும் அடிக்கல்லின் நடுவே முளை. அதன் மேல் சுழலும் மேல்கல்லின் நடுவே தானியம் இடுவதற்கான குழி. விளிம்பருகே மரக் கைப்பிடி. ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்கி அமர்ந்த பெண், ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிச் சுற்றிக்கொண்டே, மறுகையால் பிடி தானியத்தை அள்ளிக் குழியில் இடுகிறாள். தன் பக்கம் இழுக்கும்போது கல் எளிதாக வரும்; எதிர்ப்பக்கம் தள்ளும்போது உடல் முன்னே சாய்ந்து மூச்சு இறுகும். பாட்டின் அடிகள் சுற்றோடு சேர்ந்து நடக்க, குறுகிய ஈற்றடி தரும் இடைவெளியில் மூச்சு திரும்புகிறது. அடுத்த பிடி தானியம் உள்ளே போகிறது. பெரிய கல்லானால் ஒருத்தியால் சுற்ற முடியாது. எதிரே இன்னொருத்தி அமர்ந்து கைகொடுக்க வேண்டும். எதிரே அமர்பவள் பாட்டுக்கும் துணை. ஒருத்தி அடியெடுக்க, மற்றவள் முடித்துக்கொடுப்பாள்.

எதிரே ஆளின்றித் தனியாக அமர்ந்திருக்கும் ஜனியின் திருகைக்கு முன் வந்து உட்கார்பவர் விட்டலன். இந்தக் கற்பனைதான் அவருடைய கவிதை உலகின் அச்சு. இறைவன் அவரோடு சேர்ந்து மாவரைக்கிறார். உரலில் உலக்கை போடுகிறார். அவர் பெருக்கிய குப்பையைக் கூடையில் அள்ளிச் சென்று கொட்டுகிறார். ஆற்றங்கரைக்குத் துணி துவைக்கப் பின்தொடர்கிறார். காட்டில் சாணம் பொறுக்குகிறார். பேன் பிடித்த தலையை வாரிவிடத் தாயில்லாத பெண்ணுக்கு அவரே எண்ணெய் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, சிக்கெடுத்துப் பின்னிவிடுகிறார். இந்தப் பாடல்களில் வியப்புக் குறிப்பு எதுவும் இல்லாததே பெரும் வியப்பு. தேவர்க்கும் எட்டாதவன் என் வீட்டுக்கு வந்தான் என்று முழங்கும் தொனியை ஜனாபாய் பெரும்பாலும் நாடுவதில்லை. செய்த வேலைகளை ஒவ்வொன்றாக, அவை நடந்த வரிசையிலேயே அடுக்குகிறார். அவற்றைச் செய்தவர் கடவுள் என்பது மட்டும் அந்த அடுக்கில் அமைதியாகக் கலந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே பிட்டு விற்ற வந்திக்கிழவியின் கதை நினைவுக்கு வருவது இயல்பு. திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலத்தில், ஆளில்லாத அக்கிழவியின் பங்குக்குக் கூலியாளாக வந்த சிவபெருமான், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று வைகைக் கரைக்கு மண் சுமக்கிறார். இரண்டிலும் இறைவன் உழைப்பாளியாக இறங்குகிறார் என்றாலும் வேறுபாடு கூர்மையானது. வந்தியின் கதையைப் பாடியவர் பரஞ்சோதி முனிவர். வந்தி தன் வாயால் பாடிய பாட்டு என்று எதுவும் நம்மிடம் இல்லை. சிவபெருமானும் அங்கே சரியாக வேலை செய்யாமல் விளையாடுகிறார், பிரம்படி படுகிறார், இறுதியில் தம் பெருமையை வெளிப்படுத்தி மறைகிறார். விட்டலன் ஜனியின் திருகைக்கு முன் அமர்ந்து உண்மையாகவே வேலை செய்கிறார். ஒரு நாள் அற்புதம் காட்டிவிட்டுப் போய்விடாமல், வேலை மறுநாளும் இருக்கும் என்பதால் மறுநாளும் வருகிறார். உழைப்பை உள்ளிருந்து அறிந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய நுட்பம் இது. ஆண்டவன் செய்யக்கூடிய பேரருள், வேலையிலிருந்து விடுதலை தருவதைக் காட்டிலும் அதில் பாதியைத் தாங்கிக்கொள்வதுதான் என்று அவருடைய பாடல்கள் உணர்த்துகின்றன.

இந்த நெருக்கத்தின் மறுபக்கமாகச் சினமும் எழுகிறது. கேட்டபோது வராத விட்டலனை ஜனாபாய், தெருச் சண்டையில் பெண்கள் வழங்கும் கடுஞ்சொற்களால் வைது பாடிய அபங்கம் ஒன்று மராட்டியத்தில் மிகவும் புகழ்பெற்றது. எசமானரை எதிர்த்துப் பேச இயலாத பணிப்பெண்ணின் நா, அனைவருக்கும் எசமானரான கடவுளிடம் கட்டவிழ்ந்து பேசுகிறது. வேறொரு பாடலில் வெட்கத்தை உதறி, முந்தானையைத் தோளுக்கு நழுவவிட்டு, கையில் தாளமும் தோளில் வீணையுமாகச் சந்தைக்கு நடுவே நடந்து, யார் தடுக்க முடியும் என்று அறைகூவுகிறார். கற்பின் இலக்கணங்களால் காக்கப்பட்ட குலப்பெண்ணின் இடம் தமக்கு ஒருபோதும் தரப்படாததை அறிந்திருந்த அவர், தரப்படாத அந்த இடத்துக்கு ஏங்குவதை விட்டு, எவராலும் காவல் செய்ய முடியாத வெளியைத் தம்முடையதாக்கிக்கொள்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் அக்கமகாதேவி உடையைத் துறந்து நடந்த துணிவோடு இதை வைத்து நோக்கலாம். ஆண்டாளோ மணவாட்டியாகத் தம்மைக் கற்பனை செய்து, பந்தலும் தோரணமுமாக மணச்சடங்கை முழுமையாகக் காண்கிறார். ஜனாபாயின் பாடல்களில் அத்தகைய மணக்கோலத்துக்கு முதன்மை இல்லை. அவருக்கு இறைவன் தாய், தந்தை, தோழி, உடன் வேலை செய்பவர். உறவின்றி வளர்ந்தவர் எல்லா உறவையும் ஒருவரிடமே தேடிக்கொள்ளும் தவிப்பு அங்கே தெரிகிறது.

அவருடைய கலைத்திறன் முழுமை பெற்ற பாடல் ஒன்றைத் தேர்ந்துகொள்வதானால், விட்டலனைப் பிள்ளைக்காரத் தந்தையாகக் காட்டும் அபங்கத்தையே பலரும் முன்வைப்பர். திருவிழாவுக்குக் குழந்தைகளைக் கூட்டிச் செல்லும் தகப்பனைப்போல் இறைவன் அடியார் கூட்டத்தைச் சுமந்து நடக்கிறார். ஞானேசுவரரின் அண்ணன் நிவிருத்தி தோளிலேறி அமர்ந்திருக்க, தம்பி சோபானனின் கையை இறைவன் பிடித்துக்கொள்ள, ஞானேசுவரர் முன்னே நடக்க, முக்தாபாய் பின்னே வர, கோரா மடியில் இருக்க, நாமதேவர் சுண்டுவிரலைப் பற்றியிருக்கிறார். சில அடிகளுக்குள் ஒரு முழு இலக்கிய இயக்கத்தையே குடும்பப் படமாக வரைந்துவிடும் இப்பாடலில், அந்தணர் என்றும் குயவர் என்றும் மகார் என்றும் பிறப்பால் பிரித்து வைக்கப்பட்டவர்கள் ஒரே உடம்பைப் பற்றிக்கொண்டு உடன்பிறந்தாராகிறார்கள். அந்தப் படத்தில் ஜனியை மட்டும் காணவில்லை. பாடலின் முத்திரையில், இதைச் சொல்பவராக மட்டுமே அவர் வருகிறார். எந்தக் குழந்தை தோளில், எது மடியில், எது நடந்து வருகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் குறித்துக்கொள்வது ஒரு வீட்டின் பிள்ளைகளைக் கவனிக்கும் பணிப்பெண்ணின் கண்ணே. வேலைக்காரப் பெண் குடும்பப் படத்தில் இடம்பெறுவதில்லை; ஆனால் அந்தக் குடும்பத்தை அவளைவிட நன்றாகப் பார்த்தவர் எவருமில்லை.

எழுத்தறிவு வாய்க்காதவரின் பாடல்கள் எவ்வாறு நிலைத்தன என்ற கேள்விக்கு, மராட்டிய மரபு ஓர் அழகிய விடை வைத்திருக்கிறது: அவருடைய அபங்கங்களைப் பாண்டுரங்கனே உடனிருந்து எழுதினாராம். வரலாற்று நோக்கில், அவை கீர்த்தனக்காரர்களின் நாவிலும் திருகை சுற்றிய பெண்களின் நாவிலும் வாழ்ந்து, நாமதேவர் பாடல் தொகுதியான நாமதேவ காதையோடு சேர்ந்து சுவடியேறியவை. அவர் பெயரில் பின்னாளில் பிறர் பாடியவையும் அவற்றுள் கலந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுவது நியாயமே. அதனால் அவருடைய மதிப்பு குறைவதில்லை. தம் பாடலுக்கு ஒரு பணிப்பெண்ணின் முத்திரையை இடப் பிறர் விரும்பினர் என்பதே அவர் ஏற்படுத்திய கவிதைக் குரலின் வலிமையைக் காட்டும். மகிபதி 1762-இல் இயற்றிய பக்த விஜயம், விட்டலனின் பதக்கத்தைத் திருடியதாக ஜனி பழிசுமத்தப்பட்டுக் கழுவேற்றக் கொண்டுசெல்லப்பட்டபோது கழுமரம் நீராய்க் கரைந்த கதையைச் சொல்கிறது. வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் முதல் ஐயம் வேலைக்காரப் பெண்ணின் மீதே விழும் என்ற உலகியல் உண்மை அந்த அற்புதக் கதைக்குள் உறைந்திருக்கிறது. மராட்டியக் கிராமப் பெண்களிடமிருந்து ஹேமா ராயிர்கர், கீ புவாத்வேன் ஆகியோர் முன்னின்று தொகுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திருகைப் பாடல்களிலும் ஜனியும் விட்டலனும் சேர்ந்து மாவரைக்கும் காட்சி இடம்பெறுகிறது.

இத்தகைய கவிஞர்களுக்கு உலக இலக்கியத்தில் உறவினர் உண்டு. இங்கிலாந்தில் சமையலறைப் பணிப்பெண்ணாக வேலை செய்த மேரி லீப்பர் (1722–1746), பெரிய மாளிகையை அதன் அடுக்களை வழியே நோக்கிக் கவிதை எழுதினார். துணி வெளுத்துப் பிழைத்த மேரி காலியர், 1739-இல் வெளியிட்ட நெடும்பாடலில் உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வில்லாததை வாதமாகவே முன்வைத்தார். வேல்ஸ் நாட்டின் ஆன் கிரிஃபித்ஸ் 1805-இல் இளவயதிலேயே மறைந்தபோது, அவருடைய வேல்ஸ் மொழிப் பக்திப் பாடல்களில் பெரும்பாலானவை, அவர் வீட்டில் வேலை செய்த, எழுதத் தெரியாத ரூத் எவன்ஸின் நினைவில் இருந்தமையால்தான் பிழைத்தன. ரூத் சொல்லச் சொல்ல அவருடைய கணவர் ஜான் ஹியூஸ் எழுதிக்கொண்டார். ரூத் எவன்ஸ் மற்றொருவரின் பாடல்களைக் காத்த பணிப்பெண். ஜனாபாயோ தம் பாடல்களைத் தாமே பாடியவர். இவ்வளவு தொலைவில் நிற்கும் இவ்விருவரையும் இணைப்பது நினைவாற்றல் என்னும் பெருஞ்செல்வம். ஏடும் எழுத்தாணியும் கைக்கெட்டாத வீட்டுப் பணியாளருக்கு அதுவே நூலகமாக இருந்தது.

ஜனாபாயின் மொழி தமிழகத்துக்கு வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியரின் அவையும், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியை ஜாகிராகப் பெற்றிருந்த மராட்டியக் குடும்பமும் அந்த மொழியைச் சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் பழக்கின. தஞ்சையில் வளர்ந்த அரிகதைக் கலை, அபங்கம், ஓவி, சாகி, திண்டி போன்ற மராட்டிய வகைகளைக் கர்நாடக இசையோடு பிணைத்தது. தென்னிந்திய பஜனை மரபும் அபங்கத்தைத் தன் முறைவரிசையில் ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில், திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்த கிரி சுவாமிகளின் சீடரான ஹரிதாஸ் கிரி சுவாமிகள் நாமசங்கீர்த்தனத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றதோடு, தென்னாங்கூர்க் கோயில் எழவும் காரணரானார். பஜனையில் அபங்கம் விளம்பமாகத் தொடங்கி, மிருதங்கமும் ஜால்ராவும் கூடக்கூட நடை விரைந்து, இறுதியில் விட்டல நாமத்தில் கூட்டம் முழுவதும் கலந்துவிடுவது வழக்கம். இந்த விரைவின் இன்பத்தில், பாடலுக்கு அடியில் ஓடும் திருகையின் சீரான சுழற்சி காதிலிருந்து நழுவிவிடக்கூடும். ஜனாபாயின் அபங்கத்தைப் பாடும் பாகவதர், முதல் இரண்டு சரணங்களையாவது விரைவுபடுத்தாமல், குறுகிய ஈற்றடிக்குப் பின் ஒரு மூச்சளவு இடம் விட்டுப் பாடினால், அதன் பிறப்பிடம் கேட்பவருக்குப் புலனாகும்.

தமிழுக்கு இந்த ஓசை அந்நியமானதும் அன்று. உலக்கை இடிப்போடு பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டைக் குறுந்தொகை அறியும். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அது தனி இடம் பெறுகிறது. மாணிக்கவாசகர் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டாகவே திருப்பொற்சுண்ணத்தை அமைத்தார். ஆனால் இவற்றில் உலக்கை பிடித்த பெண்ணின் குரலைப் புலவர் தம் குரலில் ஏற்றுப் பாடினர். உலக்கை பிடித்தவளே தன் பெயரை முத்திரையிட்டுப் பாடிய தொகுதி ஒன்று தமிழில் அவ்வாறு நிலைக்கவில்லை. அரிசி ஆலைகள் பெருகிய ஆரணி வட்டாரத்தில் உரலும் ஏந்திரமும் ஓய்ந்துவிட்டன. ஆயினும் நாற்று நடும் வயலிலும் பாய் நெய்யும் வந்தவாசிக் குடில்களிலும் முதிய பெண்களின் நினைவில் வேலைப் பாடல்கள் இன்னும் எஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. அவற்றை நாட்டார் வழக்காறு என்ற பொதுப்பெயரில் அடைத்துவிடாமல், பாடியவரின் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்வதும், ஜனாபாயின் அபங்கங்கள் அனைத்தையும் அவற்றின் யாப்பும் வசவும் கொஞ்சலும் சிதையாமல் தமிழில் கொண்டுவருவதும் ஒரே பணியின் இரு பகுதிகள். பெயரிட்டுப் பதிவு செய்யப்பட்ட ஒரு பணிப்பெண்ணின் குரல் எழுநூறு ஆண்டுகளைக் கடந்து வர முடியும் என்பதற்கு ஜனாபாயே சான்று. அதே உழைப்பைச் செய்து, அதே நுட்பத்தோடு பாடிய தமிழ்ப் பெண்களின் பெயர்கள் நம்மிடம் இல்லாதது அவர்களுடைய கலையின் குறையால் நேர்ந்ததன்று. கேட்டவர்கள் குறித்துவைக்கத் தவறியதால் நேர்ந்தது.